பார்வையற்றவள் கையில் வைத்த ஒரு காசு

கோடை விடுமுறையில் இல்லங்களைச் சந்திக்கச் செல்லுங்கால் நம் செவிக்குத் தவறாது எட்டும் முறையீடு ஒன்று உண்டு. "சாமி, பையன் எந்நேரமும் அந்த விளையாட்டிலேயே கிடக்கிறான். நாங்கள் சொன்னால் கேட்பதில்லை; நீங்களாவது நாலு வார்த்தை சொல்லுங்கள்" என்பர் தாய்மார். நாமும் நாலு வார்த்தை சொல்லத்தான் செய்கிறோம். ஆயினும், சொல்லும்போதெல்லாம் உள்ளத்தின் ஓர் ஓரத்தில் முள் ஒன்று நெருடும். அம்முள்ளின் கதையை இதுவரை எவரிடமும் நாம் உரைத்ததில்லை. அண்மையில் அதனை மீண்டும் தொட்டுப் பார்க்கும் வாய்ப்புக் கிட்டியமையால், அன்பார்ந்த வாசகர்களோடு பகிர்ந்துகொள்ள முற்படுகிறோம்.

1993ஆம் ஆண்டு அது. நாம் குருமடத்தில் இறையியல் பயின்றுகொண்டிருந்தோம். விடுமுறைக்கு வந்திருந்த நம்மைச் சிற்றன்னையின் மகன் தன் அறைக்கு அழைத்துச் சென்றான். பொறியியல் கற்றுவந்த அவனிடம் கறுப்பு வெள்ளைத் திரையுடைய கணினி ஒன்று இருந்தது. "அண்ணா, இதை ஆடிப் பாருங்கள், சண்டை குறைவு, பேச்சு அதிகம், உங்களுக்குப் பிடிக்கும்" என்று சொல்லி ஒரு நெகிழ்வட்டைச் செருகினான். அதில் இருந்தது 'அல்டிமா' வரிசையின் நான்காம் விளையாட்டு. விற்பனைப் பெட்டியில் துணியில் அச்சிட்ட நிலப்படமும், உலோகத்தாலான சிறு பதக்கமும், இரண்டு நூல்களும் இருக்கும் என்று பிற்காலத்தில் அறிந்தோம். எமக்குக் கிடைத்தவையோ நெகிழ்வட்டும், மங்கிய சில ஒளிநகல் தாள்களும் மட்டுமே. யாரோ யாரிடமிருந்தோ எடுத்த படியின் படி அது. நேர்மையைப் பற்றிய ஒரு விளையாட்டைத் திருட்டுப் படியாகவே ஆடத் தொடங்கினோம் என்பது அன்று எங்கள் இருவருக்கும் தோன்றவேயில்லை.

இவ்வகை விளையாட்டை அறியாதோர்க்குச் சில சொற்கள். 1974ஆம் ஆண்டு அமெரிக்காவில் கேரி கைகாக்ஸ், டேவ் ஆர்னசன் என்னும் இருவர் 'டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸ்' என்றொரு விளையாட்டை வெளியிட்டனர். மேசையைச் சுற்றி நண்பர்கள் அமர்ந்து, ஒருவர் வீரராகவும் ஒருவர் மந்திரவாதியாகவும் பாத்திரமேற்று, பகடை உருட்டிக் கதையை நடத்திச் செல்லும் ஆட்டம் அது. நம் ஊர்த் தெருக்கூத்தில் வேடமேற்பவர் கதையின் முடிவை முன்னரே அறிவார். இதிலோ, முடிவு ஆடுவோர் கையில். கணினிகள் இல்லங்களுக்கு வந்தபோது இந்த ஆட்டமும் அவற்றினுள் புகுந்தது. அவ்வாறு புகுத்தியவர்களுள் முதன்மையானவர் ரிச்சர்ட் கேரியட். 1961இல் இங்கிலாந்தில் கேம்பிரிட்ஜ் நகரில் பிறந்து அமெரிக்காவின் டெக்சாஸ் மாநிலத்தில் வளர்ந்தவர். அவருடைய தந்தை ஓவன் கேரியட் 1973இல் ஸ்கைலாப் விண்வெளி நிலையத்தில் 59 நாள் தங்கிய விஞ்ஞானி. (மகனும் 2008இல் தம் சொந்தச் செலவில் விண்வெளிக்குச் சென்று திரும்பினார்.) பள்ளிப் பருவத்திலேயே கணினி விளையாட்டு எழுதத் தொடங்கிய இவர், தம் முதல் ஆக்கத்தைப் பிளாஸ்டிக் பையில் இட்டுத் தாம் வேலை செய்த கடையிலேயே விற்றவர். 1981, 1982, 1983 ஆகிய ஆண்டுகளில் அல்டிமாவின் முதல் மூன்று பகுதிகள் வெளிவந்தன. மூன்றிலும் கதை ஏறத்தாழ ஒன்றே: கொடியவன் ஒருவன் உளன், அவனை அழிக்க வேண்டும்.

இவ்விடத்தில்தான் கேரியட்டுக்கு ஓர் ஐயம் பிறந்தது. ஆடுவோர் கொடியவனை அழிக்கச் செல்லும் வழியில் என்ன செய்கின்றனர் என்று அவர் கவனித்தார். ஊராரிடம் திருடுகின்றனர், கடைக்காரரைக் கொல்கின்றனர், விரைவில் வலிமை பெற அதுவே சிறந்த வழி. அப்படியானால் வெல்பவனுக்கும் அழிக்கப்படுபவனுக்கும் வேற்றுமை யாது? இவ்வையமே நான்காம் பகுதியாய் உருப்பெற்று, 1985ஆம் ஆண்டு ஆரிஜின் சிஸ்டம்ஸ் என்னும் அவருடைய நிறுவனத்தின் வழியாக வெளிவந்தது. துணிவான ஒன்றை அதில் அவர் செய்தார். கதையிலிருந்து கொடியவனையே நீக்கிவிட்டார். பிரிட்டானியா என்னும் நாட்டில் அமைதி நிலவுகிறது. அரசர் உம்மிடம் யாரையும் கொல்லச் சொல்வதில்லை. நல்ல மனிதராகுமாறு சொல்கிறார். அவ்வளவே.

நல்லவராவது எப்படி? உண்மை, அன்பு, துணிவு என மூன்று அடிப்படைகளைக் கேரியட் வைத்தார். உண்மையிலிருந்து நேர்மை, அன்பிலிருந்து இரக்கம், துணிவிலிருந்து வீரம். உண்மையும் அன்பும் கூடினால் நீதி. அன்பும் துணிவும் கூடினால் தியாகம். உண்மையும் துணிவும் கூடினால் கண்ணியம். மூன்றும் சேர்ந்தால் ஆன்மீகம். எட்டாவதாக, இம்மூன்றும் அற்ற வெறுமையில் அகந்தை குடியேறுவதால், அவ்வகந்தையின் மறுதலையான தாழ்ச்சி. கணக்குப் பிள்ளையின் கூட்டல் போலத் தோன்றினும், தாழ்ச்சியைத் தனியே நிறுத்திய இடத்தில் சற்று ஆழமிருக்கிறது என்றே இன்றும் கருதுகிறோம்.

ஆட்டம் தொடங்குமுன் குறி சொல்லும் நாடோடிப் பெண் ஒருத்தி தன் வண்டிக்குள் நம்மை அழைத்துச் சீட்டுகளை விரிக்கிறாள். எதிர்காலத்தை அவள் சொல்வதில்லை, கேள்வி கேட்கிறாள். எண்ணப்படாத பொற்காசுப் பையொன்றைச் சேர்ப்பிக்கும் பொறுப்பு உம்மிடம் உள்ளது. வழியில் பசித்த ஏழையைக் காண்கிறீர். பையைக் குறையாமல் சேர்ப்பீரா, ஒரு காசு எடுத்து அவனுக்கு ஈவீரா? இரண்டும் நன்மையே. ஒன்றைத் தேர்ந்தால் மற்றது விலகும். இவ்வாறு ஏழு கேள்விகளில் எட்டுப் பண்புகள் ஒன்றையொன்று வென்று இறுதியில் ஒன்றே எஞ்சும். அதற்கேற்பவே நம் பாத்திரமும் நாம் தோன்றும் ஊரும் அமையும். நன்மைக்கும் தீமைக்கும் இடையே தேர்வது எளிது; நன்மைக்கும் நன்மைக்கும் இடையே தேர்வதே கடினம் என்பதை அறநெறி இறையியல் வகுப்பில் ஓர் ஆண்டு முழுதும் கேட்டிருந்தோம். அதையே குறிசொல்லி ஐந்து நிமிடத்தில் கேட்டுவிட்டாள்.

நமக்கு இறுதியில் எஞ்சியது நேர்மை. அன்று அதில் எமக்குச் சிறிது பெருமையும் இருந்தது.

பின்னர் நடந்ததைச் சொல்ல வேண்டும். இவ்வுலகில் மந்திரம் செய்ய மூலிகைகள் தேவை. மூலிகைக் கடைகளை நடத்துவோர் பார்வையற்ற பெண்கள். வேண்டிய அளவைக் கேட்டால் அவள் விலையைச் சொல்வாள். எவ்வளவு தருகிறீர் என்ற வினா திரையில் எழும். எண்ணை நாமே அழுத்த வேண்டும். அவள் எண்ணிப் பார்க்க மாட்டாள், அவளால் இயலாது. சொன்ன விலையைத் தந்தாலும் பெற்றுக்கொள்வாள். ஒரே ஒரு காசைத் தந்தாலும் பெற்றுக்கொண்டு நன்றி சொல்வாள்.

இதனை முதலில் கண்டுபிடித்தவன் சிற்றன்னையின் மகன் என்று சொல்லத் தோன்றுகிறது. உண்மை அதுவன்று. நாமே கண்டுபிடித்தோம். ஒரு காசை அழுத்தினோம்; பை நிறைய மூலிகை கிடைத்தது; இருவரும் வாய்விட்டுச் சிரித்தோம். அன்றிரவு மட்டும் எத்தனை முறை அக்கடைக்குச் சென்றோம் என்பதற்குக் கணக்கில்லை. நகரங்களில் கிடந்த பிறர் பெட்டிகளையும் திறந்தோம். புறமுதுகிட்டு ஓடிய விலங்குகளை விரட்டிச் சென்று வீழ்த்தினோம். ஒருவரும் நம்மைத் தடுக்கவில்லை. ஒரு மணி ஒலிக்கவில்லை. ஓர் எச்சரிக்கை தோன்றவில்லை.

நாம் அறியாதது ஒன்று இருந்தது. எட்டுப் பண்புகளுக்கும் எட்டுக் கணக்கேடுகளைக் கணினி மறைவாக எழுதிக்கொண்டிருந்தது. இரவலனுக்கு ஈந்தால் இரக்கம் உயரும். மருத்துவரிடம் குருதி கொடுத்தால் தியாகம் உயரும். கொடிய பகைவனுக்கு அஞ்சி ஓடினால் வீரம் குறையும். தற்பெருமை பேசினால் தாழ்ச்சி குறையும். எண்ணை மட்டும் திரையில் எங்கும் காட்டாது. அரசரின் கோட்டையில் ஹாக்விண்ட் என்னும் ஞானி ஒருவர் இருக்கிறார்; அவரிடம் கேட்டால் மட்டும் நம் நிலையைச் சொல்வார். விடுமுறை முடிவதற்கு இரண்டு நாள் முன்னர் தற்செயலாக அவரைக் கண்டோம். நேர்மையைப் பற்றிக் கேட்டோம். நம்மைத் திருடன் என்றார். தம்பி மீண்டும் சிரித்தான். நாம் சிரித்தோமா என்பது நினைவில்லை. கணினியை அணைத்தது மட்டும் நினைவிருக்கிறது. மறுநாள் மழை, அதற்கு மறுநாள் குருமடம் திரும்பினோம்.

முப்பது ஆண்டுகளுக்கு மேல் கடந்துவிட்டன. கேரியட் 1992இல் தம் நிறுவனத்தை எலக்ட்ரானிக் ஆர்ட்ஸ் என்னும் பெருநிறுவனத்துக்கு விற்றார். 2004இல் அந்நிறுவனம் மூடப்பட்டது. பழைய விளையாட்டுகளை இக்காலக் கணினிகளுக்கு ஏற்றவாறு தரும் போலந்து நாட்டு இணையக் கடையொன்று, 2011இல் அல்டிமாவின் நான்காம் பகுதியை இலவசமாகவே வழங்கத் தொடங்கியது. நூல்களும் நிலப்படமும் அதனுடன் சேர்ந்தே வந்தன. ஆகவே இம்முறை நாம் ஆடியது முறையான படி. இரவு செபம் முடிந்து, விளக்கணைக்கும் முன் அரைமணி நேரம் என்ற அளவில் ஏறத்தாழ இரண்டு மாதம் ஆடினோம். அரைமணி என்பது சில நாள்களில் நீண்டதுண்டு, அதையும் ஒப்புக்கொள்கிறோம்.

முதலில் கண்ணுக்குப் பட்டது அதன் எளிமை. கட்டங்கட்டமாய்ச் சிறு சிறு சித்திரங்கள். ஒரு மரம் ஒரு காட்டைக் குறிக்கும். மனிதர் அனைவரும் ஓர் அங்குலத்துக்கும் குறைந்த பொம்மைகள். இக்கால விளையாட்டுகளில் புல்லின் நுனிகூட காற்றில் அசைகிறது. ஆனால் இதில் வரும் மனிதரோடு பேச வேண்டுமாயின் நாமே சொற்களை எழுத வேண்டும். பெயர் யாது, தொழில் யாது, நலமா என்று கேட்டால், அவர் விடையில் ஒரு சொல் பளிச்சிடும். அதைப் பிடித்துக்கொண்டு அடுத்ததைக் கேட்க வேண்டும். சொல்லின் முதல் நான்கு எழுத்துகளை மட்டுமே கணினி படிக்கும் என்பது வேறு செய்தி. எனினும், கேட்கத் தெரியாதவனுக்கு இங்கு ஒன்றும் கிடைக்காது. ஓர் ஊரில் கேட்ட துணுக்கைத் தாளில் குறித்துவைத்து, கடல் கடந்து மற்றோர் ஊரில் உரியவரிடம் சென்று கேட்க வேண்டியிருந்தது. நம் மேசையில் அத்தகைய தாள்கள் பதினேழு சேர்ந்துவிட்டன. உபதேசியார் அவற்றைப் பங்குக் கணக்கென்று எண்ணிக் கோப்பில் கட்டி வைத்துவிட்டார்!

ஆனால் விரைவிலேயே ஒரு சங்கடம் எழுந்தது. இப்போது நமக்கு எல்லாம் தெரியும். கணக்கேடு இருப்பது தெரியும். எந்தச் செயலுக்கு எந்தப் பண்பு உயரும் என்பதும் தெரியும். பார்வையற்றவளிடம் சென்றோம், முழு விலை தந்தோம். அவளுக்காகத் தந்தோமா, கணக்கேட்டுக்காகத் தந்தோமா? இரவலனைக் கண்டோம். எத்தனை காசு ஈந்தாலும் கணினி அதை ஒரே ஈகையாகவே எண்ணும். இதை அறிந்த நம் விரல் தானாகவே ஒன்று என்னும் எண்ணை அழுத்திற்று. தன்னிடமிருந்த இரண்டு காசுகளையும் காணிக்கைப் பெட்டியில் இட்ட ஏழைக் கைம்பெண்ணைப் பற்றி ஆண்டுதோறும் மறையுரை ஆற்றுகிற விரல் அது. நூறு பொற்காசுகள் பையில் இருக்க, இரக்கத்துக்கு எவ்வளவு மலிவான விலை என்று பார்த்துப் பார்த்து ஒவ்வொன்றாய் இட்டோம். ஹாக்விண்ட் ஞானியார் நம்மைப் பாராட்டினார்! 1993இல் திருடன் என்று அவர் சொன்னது உண்மை. இப்போது பாராட்டியதுதான் பொய்.

கேரியட்டின் மீது குறை காண்பதற்காக இதைச் சொல்லவில்லை. செயலை எண்ணலாம், உள்ளத்தை எண்ணுவதற்கு அவரிடம் கருவி இல்லை, எவரிடமும் இல்லை. அரிஸ்டாட்டில் தம் நன்னெறி நூலில், நீதியான செயல்களைச் செய்து செய்தே மனிதன் நீதிமானாகிறான் என்கிறார். நம் புனித தோமா அக்குவினாரும் பழக்கமாய் நிலைபெறுவதே புண்ணியம் என்று விளக்குவார். அவ்வாறு நோக்கின், கணக்குக்காகத் தொடங்கிய ஈகையும் பழகப் பழக ஈகையாகிவிடக் கூடும் என்று ஆறுதல் அடையலாம். நாமும் அடைந்தோம். ஆனால் அதே அரிஸ்டாட்டில், அதே இடத்தில், மூன்று நிபந்தனைகளையும் வைக்கிறார்: செய்பவன் அறிந்து செய்ய வேண்டும், அச்செயலை அதன் பொருட்டே விரும்பித் தேர வேண்டும், அசையாத உள்ளத்தோடு செய்ய வேண்டும். இரண்டாம் நிபந்தனையில் நாம் தோற்றோம். ஐம்பது வயதைக் கடந்தவரும் பொம்மை உலகில் ஒரு பொற்காசை மிச்சப்படுத்த நினைக்கிறார் என்பதை அறிந்தபோது வந்த வெட்கம் பொம்மை வெட்கமன்று.

அப்படியாயின் இவ்விளையாட்டு ஒருவனை உண்மையாகச் சோதிப்பது ஒரே ஒரு முறைதான். அவன் அறியாதிருக்கும் முதல் முறை. நமக்குரிய அம்முறையைச் சிரித்தே கழித்துவிட்டோம்.

தாழ்ச்சியின் பகுதியை மட்டும் இரண்டாம் முறையும் உவந்தோம். மேஜின்சியா என்பது அகந்தையால் அழிந்த நகரம். அதன் இடிபாடுகளில் ஆவிகள் மட்டுமே உலவுகின்றன. குறிசொல்லியின் கேள்விகளில் தாழ்ச்சியே எஞ்சுமாயின், நாம் மந்திரவாதியாகவோ வீரராகவோ அன்றி, ஆடு மேய்ப்பவராய் அந்நகரின் அருகே தோன்றுவோம். எட்டுத் தொடக்கங்களுள் அதுவே மிகக் கடினம். இம்முறை நாம் மேய்ப்பராகவே ஆடினோம். வழியில் சிலர், நீர்தாமே அனைவரினும் சிறந்தவர் என்ற பொருளில் நயமாகக் கேட்பர். ஆம் என்றால் தாழ்ச்சி குறையும். இல்லை என்று எழுதினோம். இல்லை என்பதே சரியான விடை என்று அறிந்து எழுதிய தாழ்ச்சி எத்தகைய தாழ்ச்சி என்று நீங்கள் கேட்பீர்கள். கேளுங்கள், எம்மிடம் விடையில்லை.

எட்டுப் பண்புகளும் நிறைந்தவர்க்கு இவ்விளையாட்டு இடும் பெயர் நம் நாட்டுச் சொல்லே: அவதாரம். கணினித் திரையில் நம்மைக் குறிக்கும் உருவத்தை இன்று உலகெங்கும் 'அவதார்' என்கின்றனர். அச்சொல்லைக் கணினி உலகில் பரப்பிய தொடக்க ஆக்கங்களுள் இதுவும் ஒன்று. வடமொழியில் அதன் பொருள் கீழிறங்கி வருதல். மேலிருப்பவர் இறங்குவதைக் குறிக்கும் சொல்லை, கீழிருப்பவன் படிப்படியாய் ஏறுவதற்குக் கேரியட் சூட்டிவிட்டார். சொல் தடம் மாறியதென்னவோ உண்மை.

அடுத்த பகுதியையும் பார்த்துவிட வேண்டும் என்று தோன்றியது. 1988இல் வந்த ஐந்தாம் பகுதி நம் சங்கடத்தை ஆசிரியரும் உணர்ந்திருந்தார் என்று காட்டிற்று. அரசர் காணாமற் போகிறார். அவருக்குப் பதிலாய் ஆளும் பிளாக்தார்ன் என்பவர் அதே எட்டுப் பண்புகளையும் சட்டமாக்கிவிடுகிறார். பொய் சொன்னால் நாவை இழப்பாய். வருவாயில் பாதியை அறத்துக்கு ஈயாவிடில் வருவாயையே இழப்பாய். பண்புகள் மாறவில்லை, ஒரு சொல்லும் திரியவில்லை. ஆனால் நாடெங்கும் அச்சம் சூழ்கிறது. அண்டை வீட்டான் அண்டை வீட்டானைக் காட்டிக்கொடுக்கிறான். முன்னைய விளையாட்டில் மறைவாக இருந்த கணக்கேடு, இங்கே சாட்டையோடு தெருவில் நிற்கிறது. இரண்டையும் அடுத்தடுத்து ஆடியவர்களுக்கே இந்த அதிர்ச்சி முழுமையாய்க் கிட்டும். பிள்ளைகளை வழிபாட்டுக்கு வரவைக்கத் தண்டத்தொகை விதிக்கலாமா என்று நம் பங்குப் பேரவையில் ஒருமுறை பேச்செழுந்ததுண்டு. அன்று நாமும் தலையசைத்தோம் என்பது நினைவுக்கு வந்தது.

சென்ற மே மாதத்தில் தம்பி மகன் நம்மோடு சில நாள் தங்கினான். வயது பதினான்கு. பழைய விளையாட்டொன்று இருக்கிறது, ஆடிப் பார்க்கிறாயா என்று கேட்டோம். படங்களைக் கண்டு முகம் சுளித்தான். எனினும் பொழுது போகாமையால் அமர்ந்தான். அரசருக்காக ஒரு பயணம் என்பதற்கு மேல் நாம் ஒன்றும் சொல்லவில்லை. சொல்லக் கூடாது என்று உறுதி பூண்டோம். குறிசொல்லியின் கேள்விகளுக்கு நெடுநேரம் யோசித்து விடையளித்தான், ஓரிடத்தில், "இது ரெண்டுமே சரிதானே பெரியப்பா?" என்று கேட்டுவிட்டு, நம் விடைக்குக் காத்திராமல் ஒன்றைத் தேர்ந்தான்.

மூன்றாம் நாள் மாலை மூலிகைக் கடைக்கு வந்து சேர்ந்தான். நாம் செபமாலையோடு பின்னால் நாற்காலியில் அமர்ந்திருந்தோம். அவள் விலையைச் சொன்னாள். அவன் விரல் விசைப்பலகையின்மீது நின்றது.

"பெரியப்பா, இவங்களுக்குக் கண் தெரியாதாம். எவ்வளவு குடுத்தாலும் வாங்கிக்குவாங்களா?"

"அது உனக்கும் அவளுக்கும் உள்ள விவகாரம்" என்றோம்.

சற்று நேரம் திரையையே பார்த்திருந்தான். பிறகு நாற்காலியோடு திரும்பினான்.

"நீங்க ஆடினப்போ எவ்வளவு குடுத்தீங்க?"

"முதல் தடவை, ஒரு காசு" என்றோம்.

அவன் ஒரு கணம் நம் முகத்தை ஏறிட்டு நோக்கினான். சிரிப்பான் என்று எதிர்பார்த்தோம், சிரிக்கவில்லை. திரையின் பக்கம் திரும்பி எண்ணை அழுத்தினான். எந்த எண் என்பதை நாம் எட்டிப் பார்க்கவில்லை, அவனும் சொல்லவில்லை.